ஒல்லாந்தம்மாவும் ஓர் ஐப்பசிக் காலையும்

வேதாரண்யம்,
ஐப்பசி 12

அன்புள்ள மைனாவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தடவுகிறாயா, இல்லை தடவச் சொல்லி ஊருக்கு உபதேசம் மட்டும்தானா? சரி, வம்புக்கு வருகிறேன்.

உனக்கு இதற்குள் சேதி எட்டியிருக்கும். உன் சின்ன நாத்தனார் நம் தெருவில் குடியிருக்கும்வரை, இங்கே தும்மினால் கோயம்புத்தூரில் உனக்குக் கேட்கும். "டீச்சரம்மா இருந்த நிலத்தை ஹைட்ரோகார்பன் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. வெள்ளைக்காரி ஒருத்தி மூணுகால் கருவியோட வந்து உப்பளம் வரைக்கும் அளந்துட்டுப் போயிட்டா." இதுதானே உனக்கு வந்த கதை? இதில் வெள்ளைக்காரி நிஜம். மூன்று கால் கருவியும் நிஜம். பாக்கியெல்லாம் நம் ஊர்க் கைவேலை. எழுதிக் கொடுக்க எனக்கு ஏதடி நிலம்? இருந்த மாந்தோப்பை 2018-லேயே கஜா புயல் வேரோடு வாரிக்கொண்டு போனது உனக்குத் தெரியாததா?

வந்தவர் ராட்டர்டாமில் என் மகளுக்கு அடுத்த வீட்டுக்காரர். மகள் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது விசா கைக்கு வராமல் நான் இங்கே கிடந்து துடித்தேனே, அந்த நாட்களில் தினமும் ஒரு சட்டி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன புண்ணியவதி. நம் வயதுதான். துறைமுகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், நரைத்த கிராப், உடம்பெல்லாம் பை வைத்த காக்கிச் சட்டை. எந்தப் பையில் எது என்று அவருக்கே தெரியாது. ஒரு பென்சிலை எடுக்க ஆறு பையைத் தட்டுவார். வீட்டுக்காரரும் உண்டு. ஆனால் அவருக்கும் பறவைக்கும் ஆகாதாம். "விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்திரிக்கிறவளோட ஒரு மனுஷன் நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணினதே பெருசு" என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். இங்கிலீஷ் அவருக்கும் சொந்த பாஷை இல்லை, எனக்கும் இல்லை. அதனால் இரண்டு பேரும் நிதானமாக, சண்டை வராமல் பேசிக்கொண்டோம்.

நான் அவருக்கு ஒல்லாந்தம்மா என்று பேர் வைத்துவிட்டேன். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டேன். நாகப்பட்டினத்தை 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடுங்கி 1781-ல் இங்கிலீஷ்காரனிடம் தோற்கும்வரை ஆண்டவர்கள் உங்கள் ஆட்கள்தான் என்று சொன்னேன். அவர்கள் கல்லறைகள் இன்னும் அங்கே இருப்பதையும், சோழன் கொடுத்த ஆனைமங்கலம் செப்பேடு அவர்கள் ஊர் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததையும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் பறவை பார்க்க மட்டும்தான் வந்தேன், எதையும் எடுத்துப் போகமாட்டேன்" என்றார். நல்ல பெண்மணி என்று அப்போதே எனக்குப் பட்டுவிட்டது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறுமணிக் குருவி. பறவைக்காரர்களுக்கு, பிறந்ததிலிருந்து கண்டவை இன்னின்ன என்று ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. இவர் அதைக் கைபேசியில் இ-பேர்ட் செயலியில் வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் இது ஒன்று நெடுநாள் பாக்கியாம். இதற்காகவே இலங்கைக்குப் போய்ப் பத்து நாள் மழையில் நனைந்து, குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். நான் மனசுக்குள், தாயே, நம் பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் வேலிக்காலடியில் குதித்துத் திரியுமே அதற்கா இந்தப் பாடு என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

மறுநாள் விடிய நாலரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். முந்தின இரவு நல்ல மழை. அகஸ்தியம்பள்ளி தாண்டும்போது, ராஜாஜி 1930-ல் உப்பு அள்ளிய இடம் இதுதான் என்று இருட்டிலேயே கை காட்டினேன். வாத்தியார் புத்தி போகுமா? கோடியக்காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பி ஒருத்தன் ஏறிக்கொண்டான். முப்பது வயசு இருக்கும். வாயைத் திறக்கமாட்டான், விரலைத்தான் நீட்டுவான். ஆனால் நீட்டினால் அங்கே ஏதோ உட்கார்ந்திருக்கும்.

இப்போது கேள். நீயும் நானும் சினிமாவில் பார்த்துப் பழகினபடி, நாயகி கடைசி ரீலில்தானே கதவைத் திறக்க வேண்டும்? காட்டுக்குள் இறங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கிழக்கு வெளுக்கிறது. உலக்கைப்பாலைக்கு அடியில் இரண்டு சுரமாக ஒரு சீட்டி. தம்பி விரலை நீட்டினான். நனைந்த சருகுக்கு நடுவே, குட்டை வாலும் நீளக் காலுமாக, தொலைந்துபோன தோட்டுத் திருகாணியைத் தேடுகிறவள் மாதிரி ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது ஆறுமணிக் குருவி! முதுகு பச்சை, மார்பு வெளிர்மஞ்சள், வயிற்றடி குங்குமச் சிவப்பு, கண்ணில் பட்டையாக மை, தோளில் ஒரு துளி நீலம். வடக்கே நவரங் என்றே கூப்பிடுகிறார்கள். இத்தனை வருஷம் கோழி மிரட்டுகிற அலட்சியத்தோடு இதை நான் விரட்டியிருக்கிறேன். பைனாகுலர் வழியாக அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

ஒல்லாந்தம்மா மூச்சு விடவில்லை. அது புழுவை இழுத்து விழுங்கிவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதருக்குள் போயிற்று. அவர் திரும்பி என்னைப் பார்த்து, "இனி என்ன செய்வது?" என்றார். நிஜமாகவே கேட்டார், மைனா. ஏழு கடல் தாண்டி வந்த காரியம் காப்பி குடிக்கும் முன்பே முடிந்துபோனால் மனுஷி என்ன செய்வாள்? தம்பிதான் வாயைத் திறந்தான். "இனிமே சும்மா பாக்கலாம்மா."

அந்தச் சும்மா பார்த்ததைத்தான் உனக்கு எழுத வந்தேன்.

அவர்கள் ஊரில் இந்த மாதங்களில் மரமெல்லாம் பழுத்து இலை உதிர்ந்துவிடுமாம். உங்களுக்கு அப்படி ஒரு காலமே இல்லையே என்றார். இருக்கிறது, எங்கள் காட்டில் இலை விழாது, பறவைதான் வந்து விழும் என்றேன். தம்பி அதை விளக்கினான். பேசினால் நன்றாகத்தான் பேசுகிறான். வடக்கே இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் காடுகள் என்று முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தவை இரவில் பறந்து தெற்கே வருகின்றன. கோடியக்கரையோடு நிலம் தீர்ந்துபோகிறது. அந்தப் பக்கம் யாழ்ப்பாணக் கரைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தண்ணீர். கடலைத் தாண்டுமுன் தின்று கொழுக்க, மழையும் காற்றும் எதிர்த்தால் ஒதுங்கி நிற்க, இந்தச் சின்னக் காடுதான் அவற்றுக்குக் கடைசிச் சத்திரம். சில இங்கேயே தங்கிவிடும். சில அக்கரைக்குப் போய்விடும். இரவு மழை பெய்து விடிந்தால் காட்டில் எள் போட இடமிருக்காதாம்.

அப்படித்தான் இருந்தது அன்றைக்கு. காரைப் புதரில் சாம்பல் நிறத்தில் பொடிசாக ஓர் ஈப்பிடிப்பான், சைபீரியப் பக்கத்துக்காரன். வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் ஆட்டுகிற காட்டு வாலாட்டி. தந்திக் கம்பி முழுக்க நீலவால் பஞ்சுருட்டான்கள். அதற்கு மேலே தகைவிலான்கள் நூற்றுக்கணக்கில். தகைவிலானைப் பார்த்ததும் ஒல்லாந்தம்மாவுக்குப் பழைய ஆளைக் கண்ட சந்தோஷம். அவர் பிறந்த வீட்டு மாட்டுக் கொட்டகையில் இதே சாதிதான் கூடு கட்டுமாம். அங்கே இருப்பவை ஆப்பிரிக்காவுக்குப் போகும், இங்கே வருபவை இமயத்துக்கு அந்தப் பக்கமிருந்து வரும். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் நம் பெரியப்பா சாயலில் ஒருத்தரைக் கண்டால் நின்று பார்ப்போமில்லையா, அப்படி நின்றார்.

ராமர் பாதத்து மேட்டில் ஏறினோம். கஜாவில் சாய்ந்த மரங்கள் இன்னும் கிடக்கின்றன; சாய்ந்த நிலையிலேயே தழைத்தவையும் உண்டு. வெட்டவெளியில் வெளிமான்கள் நின்றன, கறுத்த முதுகோடு ஒரு கலை, சுற்றிலும் பெண்கள். தள்ளி, காட்டுக்குதிரைகள். யாரோ எப்போதோ அவிழ்த்துவிட்டுப் போனவை பெருகிக் காட்டோடு கலந்துவிட்டன. இடையிடையே சீமைக்கருவேலம். விறகுக்கு என்று சீராட்டிக் கொண்டுவந்த மரத்தை இப்போது வேரோடு பிடுங்கக் கூலி கொடுக்கிறோம். "இந்தக் காட்டில் யார் சொந்தக்காரர், யார் வந்தவர்?" என்று ஒல்லாந்தம்மா கேட்டார். தம்பி மானைக் காட்டி, "அது ஒண்ணுதாம்மா கேள்வி கேக்காம இருக்கலாம்" என்றான். இந்தப் பையனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். உன் கடைசித் தம்பி மகளுக்கு வரன் பார்ப்பதாகச் சொன்னாயே, ஜாதகம் அனுப்பு. நான் சும்மா சொல்லவில்லை.

பிறகு சதுப்புக்குப் போனோம். மழையில் நிறைந்த உப்பளம், அதற்கப்பால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் தட்டைத் தண்ணீர். இந்த இடம் முழுவதையும் சேர்த்து 2002-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் போட்டார்கள். பூநாரைக் கூட்டத்தை எதிர்பார்த்தேன். தூரத்தில் கொஞ்சம்தான் நின்றன. கட்ச் பக்கத்திலிருந்து வரவேண்டியவை இன்னும் வந்து சேரவில்லை என்றான் தம்பி. ஆனால் கரையோரச் சேறு முழுக்க உயிர். நாம் எல்லாவற்றையும் உள்ளான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோமே, அதற்குள் எத்தனை குலம் கோத்திரம்! கொசு உள்ளான் இருபத்தைந்து கிராம்கூடத் தேறாது. வட துருவத்துக்குப் பக்கத்திலிருந்து பறந்து வந்திருக்கிறது. மூக்கு வளைந்தது ஒன்று, கால் சிவந்தது ஒன்று, கால் பச்சையானது ஒன்று. அலகு நுனி கரண்டி போல் விரிந்த உள்ளான் ஒன்றும் ஒரு காலத்தில் இங்கே வந்ததுண்டாம். இன்றைக்கு அது உலகத்திலேயே அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஒல்லாந்தம்மா அதன் பேரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அப்புறம் ஒரு சத்தம் போட்டார் பார். மூன்று காலில் நிறுத்திய தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர், அவர் பாஷையில் என்னமோ கத்தினார். நான் பாம்பு என்று நினைத்து ஓடப்பார்த்தேன். கருவால் மூக்கன்! நீள மூக்கை முகம் வரைக்கும் சேற்றில் விட்டு இருபது முப்பது மேய்ந்துகொண்டிருந்தன. அது அவர்கள் நாட்டின் தேசியப் பறவையாம். 2015-ல் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே புல்வெளியில் முட்டையிடும். மேற்கு ஐரோப்பாவில் இருக்கிற கருவால் மூக்கன்களில் பெரும்பங்கு அவர்கள் நாட்டில்தான் குஞ்சு பொரிக்கிறதாம்.

"மயிலை நாங்கள் வைத்திருக்கிற மாதிரி வைத்திருப்பீர்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பால் பெருக்க வேண்டும் என்று புல்வெளியின் ஈரத்தை வடித்துவிட்டார்கள். புல் சீக்கிரம் வளர்கிறது. குஞ்சு பறக்கப் பழகுமுன் அறுவடை இயந்திரம் ஓடிவிடுகிறது. அவர் பிள்ளைப் பிராயத்தில் இருந்ததில் பாதிகூட இப்போது இல்லை. "தேர்ந்தெடுத்த பிறகும் குறைகிறது" என்றார். அவர்கள் ஊர்ப் பறவை குளிருக்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் நெல்வயலில் இரை தேடுமாம். இங்கே நிற்பவை ஆசியாவின் நடுப்பகுதியிலிருந்து வந்தவை. ஆனால் இவற்றுக்கும் நம் நெல்வயல் பிடிக்கும் என்று தம்பி சொன்னதும், அவர் ஒரு நிமிஷம் நம் தாளடி வயல்களையே பார்த்தார். வாத்தியாரம்மா நான், எங்கள் சம்பாவுக்கு உலகச் சொந்தம் உண்டு என்று பெருமையடித்துக்கொண்டேன்.

பதிலுக்கு நம் வீட்டுக் குப்பையையும் காட்ட வேண்டாமா? அந்தக் காலத்தில் உள்ளானைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தெருவில் விற்றுக்கொண்டு வருவார்களே, அதைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று பார்த்தால், "எங்களுக்கும் ஒன்று உண்டு" என்று ஆரம்பித்தார். ஃபிரீஸ்லாந்து என்று வடக்கே ஒரு மாகாணம். வசந்தம் வந்ததும் ஆட்காட்டியின் முதல் முட்டையை யார் கண்டெடுக்கிறார் என்று ஊரே போட்டி போடும். முதல் முட்டை ராஜாவின் பிரதிநிதிக்குப் போகும், பத்திரிகையில் போட்டோ வரும். இப்போது முட்டையை எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. இரண்டு ஊர்க் கிழவிகள் உப்பளக் கரையில் நின்று, எது ருசி என்று பேசாமல் ஆனால் அதை நினைத்துக்கொண்டே சிரித்தோம்.

அந்த நேரத்தில்தான் வம்பு வந்தது. மழைக்கு முன்னால் உப்புக் குவியல்மேல் பனையோலை போட்டு மூடிக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் கிட்டே வந்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. "என்ன அளக்கிறீங்க?" என்றாள் ஒருத்தி. மூன்று கால் கருவியைக் கண்டால் நம் சனத்துக்கு வயிறு கலங்காதா? ஹைட்ரோகார்பன், எண்ணெய்க் கிணறு என்று நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-ல் பட்டது யாருக்கு மறக்கும்? டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-ல் சட்டமே போட்டாயிற்று. ஆனாலும் கால் ஊன்றி நிற்கிற எதையும் யாரும் நம்பத் தயாராயில்லை. நான் தப்பு சொல்லமாட்டேன். நானே அவர்கள் இடத்தில் இருந்தால் கையில் மண்வெட்டியோடுதான் வந்திருப்பேன்.

தம்பி சொல்லிப் பார்த்தான், நான் சொல்லிப் பார்த்தேன். பறவை பார்க்கவா இத்தனை தூரம் வருவார்கள் என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு நியாயமான பதில் எங்களிடம் இல்லை. ஒல்லாந்தம்மா ஒன்றும் பேசாமல் தொலைநோக்கியை இடுப்பளவுக்கு இறக்கி, "வா" என்று கையைக் காட்டினார். முதலில் வாய்த்துடுக்கானவள்தான் குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. பிறகு மற்றவளைப் பிடித்து இழுத்து, "இங்க பாருடி, கண்ணுக்குக்கூட மை இட்டிருக்கு" என்றாள். உப்பு வேலை செய்கிறவளுக்குக் கண் பத்திரமில்லை என்பது உனக்குத் தெரியும். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துப் பூத்துப்போய்விடும். அந்தக் கண்ணோடு அரைமணி நேரம் வரிசை கட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் சேதி எப்படிப் போகும்? தொலைநோக்கியில் பார்த்த கதை நம் தெருவுக்கு வரவில்லை. அளந்த கதைதான் வந்து சேர்ந்தது.

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. கோடியக்கரையில் பறவை பார்க்க வந்தவர்களைச் சந்தேகிப்பது நம் தலைமுறைக்கு முந்தினது. பறவை அறிஞர் சாலிம் அலி காலத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிவிட்டது. கர்நாடகத்தில் 1957-ல் தலைகாட்டிய குரங்குக் காய்ச்சல், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளின் உண்ணி வழியாக வந்ததோ என்று அப்போது ஐயம். பின்னால் அமெரிக்க ராணுவம் பணம் கொடுத்த ஆய்வுத் திட்டம் ஒன்றோடும் தொடர்பு உண்டென்று தெரிந்ததும், கிருமி யுத்தத்துக்கு வேவு பார்க்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். பாராளுமன்றம் வரைக்கும் போனது விவகாரம். தம்பியின் அப்பா பையனாக இருந்தபோது, வலைபோட வந்த பீகார் மிர்ஷிகார்களுக்குப் பின்னாலேயே சுற்றுவாராம். பறவையைப் பிடித்து விற்பதே குலத்தொழிலாக இருந்தவர்கள் அவர்கள். ஒரு இறகு கலையாமல் எடுத்து, வளையம் மாட்டி, உள்ளங்கையைத் திறந்து விடுவதைப் பார்த்துத்தான் அவர் வேட்டைக்குப் போவதை நிறுத்தினாராம். மகன் இன்றைக்குக் காவலர். பறவைகளால் கெட்டது என்று பேசினார்களே ஊரில், இந்த ஒரு குடும்பம் தேறியதை யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவி இட்லி எடுத்து வைத்தேன். எனக்குப் பழக்கம் விடாது, முதல் இட்லியைப் பிட்டுக் கொல்லைச் சுவரில் வைத்துக் கா கா என்று கூப்பிட்டேன். ஒல்லாந்தம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "நீங்கள் இதற்குச் சோறு போடுவீர்களா?" "நாங்கள் சாப்பிடும் முன்னால் இதற்குத்தான். எங்கள் அப்பா அம்மா இதில்தான் வருகிறார்கள்." அவர் எழுந்து கொல்லைப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆறுமணிக் குருவியைக்கூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லை, மைனா.

பிறகுதான் சொன்னார். 1994-ல் அவர்கள் ஊர்த் துறைமுக முகத்துவாரத்தில், ஹூக் வான் ஹாலந்து என்ற இடத்தில், இரண்டு காக்கை வந்து இறங்கின. நம் ஊர்க் காக்கை, சாம்பல் கழுத்துக்காரன். ஐரோப்பாவில் இல்லாத சாதி. கப்பலேறித்தான் வந்திருக்க வேண்டும். 1997-ல் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. பனியிலும் சாகவில்லை. மீன்கடை வாசலில் வறுவலைப் பொறுக்கித் தின்று சில பத்தாகப் பெருகின. இவர் விடுமுறை தோறும் ரயிலேறிப் போய் அவற்றை எண்ணுவாராம். நாடெங்கிலுமிருந்து பறவைக்காரர்கள் வந்து கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாக இருந்தவரை விருந்தாளி. பெருகியதும், இது அந்நிய இனம், பரவினால் மற்றவற்றுக்கு ஆபத்து, ஒழிக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. பிராணி நேசர்கள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். 2014-ல் சுட ஆரம்பித்தார்கள். 2016-ல் ஐரோப்பிய யூனியன் வெளியிட்ட ஆகாத உயிரினங்கள் பட்டியலிலும் நம் காக்கையின் பேர் ஏறிவிட்டது.

"அரசாங்கம் செய்தது தப்பென்று சொல்ல என்னால் முடியவில்லை" என்றார். "ஆப்பிரிக்கக் கரையில் இது இறங்கிய இடமெல்லாம் சின்னப் பறவைகளின் கூட்டைக் காலி செய்திருக்கிறது. எல்லாம் தெரியும். ஆனால் எனக்கு ஒவ்வொன்றின் முகமும் தெரியும்." சீமைக்கருவேலத்தைப் பிடுங்குகிற நாம் என்ன பதில் சொல்வது? வந்து போகிறவருக்கு மாலை, வந்து தங்குகிறவருக்கு வழக்கு. எல்லா ஊரிலும் இதுதான் நடப்பு போலிருக்கிறது. பூநாரை வரவில்லையே என்று ஏங்குகிறோம். அதுவே இங்கேயே தங்கி, வயலில் இறங்கி நாற்றை மிதித்தால், எத்தனை நாளைக்கு அதற்குப் பூநாரை என்ற அழகான பேர் இருக்கும்?

அடுத்த கேள்வி தொண்டைவரை வந்து நின்றது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, கேட்டேவிட்டேன். "என் பெண் அங்கேயே தங்கப்போகிறாள். டச்சு பாஷையில் பரீட்சை எழுதுகிறாள். அவளை அங்கே எப்படிப் பார்க்கிறார்கள்?" மகளிடம் கேட்டால், நல்லா இருக்கேம்மா என்ற ஒரே பதில்தான் வரும். ஒல்லாந்தம்மா பசப்பவில்லை. எங்கள் தெருவில் அவளைப் பார்த்துச் சிரிக்காத வீடும் இரண்டு உண்டு என்றார். அப்புறம் சொன்னார்: "போன பனிக்காலத்தில் எனக்கு இடுப்பு எலும்பில் வலி. விடியும்போது வாசல் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். தினமும் நான் எழுந்து பார்க்கும் முன்னால் என் படியில் யாரோ உப்புத் தூவியிருப்பார்கள். ஒரு நாள் ஜன்னலில் ஒளிந்து நின்று பார்த்தேன். உங்கள் பெண். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு."

வேதாரண்யத்துக்காரி வேறு எதைத் தூவுவாள் சொல்லு!

சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு நம் கதவுக் கதையைச் சொன்னேன். வேதங்கள் பூசித்து மூடிவிட்டுப் போன கதவு. அப்பர் திறக்கப் பாடினார், சம்பந்தர் அடைக்கப் பாடினார். சம்பந்தருக்கு முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. அப்பருக்கோ பாட்டுக்குமேல் பாட்டாகப் பதிகத்தின் கடைசிவரை பாடியும், இரக்கமில்லையா என்று கேட்ட பிறகுதான் திறந்தது. ஒல்லாந்தம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடைக்க ஒரு பாட்டு போதுமா?" என்றார். "போதும். எந்த ஊரிலும்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பிப் போனார். கொல்லைச் சுவரில் தன் கையால் சோறு வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினார். பறவைக் கணக்கில் நம் வீட்டுக் கொல்லைக்கு என்று தனியாக ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: காக்கை, மைனா, அண்டங்காக்கை, தவிட்டுக்குருவி, இன்னும் என்னவோ. மைனா என்று ஒரு சிநேகிதி இருக்கிறாள், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்று உன்னைப் பற்றியும் சொன்னேன். கணக்கில் சேர்க்கலாமா என்றார்.

தை பிறந்ததும் வாயேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-லிருந்து மறுபடியும் ரயில் ஓடுகிறது. முழங்காலைச் சாக்குச் சொல்ல முடியாது. அதற்குள் பூநாரையும் வந்துவிடும். நாற்பது வருஷம் வாழ்ந்த ஊரில் உன்னை இன்னும் தஞ்சாவூர்க்காரி என்றுதானே கூப்பிடுகிறார்கள்? நீயும் விடாமல் பாடிக்கொண்டே இரு, அப்பருக்கே கடைசிப் பாட்டில்தானே திறந்தது. ஜாதகத்தை மறக்காதே. பையனுக்குக் காவலர் வேலை நிரந்தரமாகும் என்கிறார்கள்.

உன் பிரியமுள்ள
டீச்சரம்மா